பொது மண்டபமும் மரபு மதிப்பும்: சென்னை விக்டோரியா பொது மண்டபத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழங்கட்டடம் ஒன்றின் மரபு மதிப்பு பெரும்பாலும் அதன் வயது, கட்டடப் பாணி, அங்கு வந்துசென்ற புகழ்பெற்றோரின் பெயர்கள் ஆகிய மூன்றைக்கொண்டே கணிக்கப்படுகிறது. கோயில், அரண்மனை, கோட்டை ஆகியவற்றுக்கு இவ்வளவுகோல் ஓரளவு பொருந்தலாம். மக்கள் கூடுவதற்கென்றே எழுப்பப்பட்ட நகர மண்டபங்களுக்கு அது போதுவதில்லை. சென்னை விக்டோரியா பொது மண்டபத்தின் தோற்றம், கட்டட அமைப்பு, பயன்பாட்டு வரலாறு ஆகியவற்றை ஆராயும் இக்கட்டுரை, கூடுகை என்னும் செயலே அதன் மரபு மதிப்பின் மையம் என நிறுவ முற்படுகிறது. கட்டடம் சீரமைக்கப்பட்டாலும் கூடுகை திரும்பாவிடில் மரபுப் பாதுகாப்பு முழுமை பெறாது என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: நகர மண்டபம், மரபு மதிப்பு, பயன்பாட்டு மதிப்பு, பொதுவெளி, சுகுண விலாச சபை, சிசோம்.

முன்னுரை

சென்னை சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்துக்கும் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கும் இடையில், ஈ.வெ.ரா. பெரியார் சாலையை நோக்கி நிற்கும் செந்நிறக் கட்டடம் விக்டோரியா பொது மண்டபம். மக்கள் வழக்கில் அது நெடுங்காலம் ‘டவுன் ஹால்’ என்றே அறியப்பட்டது. நாள்தோறும் பல்லாயிரவர் அதனைக் கடந்து செல்கின்றனர். அதனுள் அமர்ந்து ஒரு சொற்பொழிவையோ நாடகத்தையோ கேட்டவர்கள் இன்றைய தலைமுறையில் மிகச் சிலரே. காணப்படுவதற்கும் பயன்படுவதற்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியே இவ்வாய்வின் தொடக்கப் புள்ளி.

சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் 2023ஆம் ஆண்டு இம்மண்டபத்தின் சீரமைப்பு தொடங்கப்பட்டது. சிதைந்துகொண்டிருந்த கட்டடம் ஒன்றுக்குப் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. எனினும், ‘எதனைக் காக்கிறோம்?’ என்னும் வினாவுக்குத் தெளிவான விடையில்லாமல் ‘எப்படிக் காப்பது?’ என்பதை முடிவுசெய்ய இயலாது. முதல் வினாவுக்குச் செய்தி ஏடுகளும் சுற்றுலாக் கையேடுகளும் தரும் வழக்கமான விடைகள் மறுபரிசீலனைக்கு உரியவை.

மதிப்புகளை வகைப்படுத்தல்

கட்டட மரபின் மதிப்பை ஒற்றைப் பண்பாகக் கொள்ளாமல் பகுத்துக் காணும் முறையை 1903இல் ஆஸ்திரியக் கலை வரலாற்றறிஞர் அலாய்ஸ் ரீகல் முன்வைத்தார். காலத்தின் தேய்வால் வரும் தொன்மை மதிப்பு, ஒரு காலகட்டத்தின் சான்றாக நிற்பதால் வரும் வரலாற்று மதிப்பு, நினைவைப் போற்றும் நோக்கத்தோடே எழுப்பப்படுவதால் வரும் நினைவு மதிப்பு ஆகியன கடந்தகாலம் சார்ந்தவை. பயன்பாட்டு மதிப்பும் கலை மதிப்பும் நிகழ்காலம் சார்ந்தவை. இவை ஒன்றோடொன்று முரண்படும் என்பதே ரீகலின் முதன்மையான கண்டறிதல். தொன்மையைப் போற்றுவோர் தேய்வை அப்படியே விடச் சொல்வர். பயன்பாட்டைப் போற்றுவோர் பழுதுபார்க்கச் சொல்வர்.

பின்வந்த பன்னாட்டு ஆவணங்கள் இவ்விவாதத்தை முன்னெடுத்துச் சென்றன. சமுதாயத்துக்குப் பயன்படும் நோக்கில் பழங்கட்டடங்களைப் பயன்படுத்துவது அவற்றின் பாதுகாப்புக்குத் துணைசெய்யும் என 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் ஏற்றுக்கொண்டது. 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம், அழகியல், வரலாறு, அறிவியல் ஆகியவற்றோடு சமூக மதிப்பையும் சேர்த்துப் பண்பாட்டு முக்கியத்துவத்தை வரையறுத்தது. தமிழகத்தில் 2012இல் மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டமை, மரபுக் கட்டடப் பாதுகாப்பை அரசின் கடமையாக ஏற்கும் போக்கின் ஒரு படிநிலை. ஆனால் நடைமுறையில் முகப்பின் அழகும் பாணியின் பெயருமே முதலில் பேசப்படுகின்றன. சமூக மதிப்பு ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

பெயருக்கு முந்திய நோக்கம்

விக்டோரியா அரசியின் பொன்விழா நினைவுச் சின்னம் என்றே இம்மண்டபம் பொதுவாக அறிமுகப்படுத்தப்படுகிறது. ரீகலின் வகைப்பாட்டில் இது நினைவு மதிப்பு. கால வரிசையை நோக்கின் இவ்வறிமுகத்தின் போதாமை விளங்கும். அரசியின் பொன்விழா நிகழ்ந்தது 1887இல். சென்னை நகருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்னும் முயற்சியோ 1880களின் தொடக்கத்திலேயே நகரப் பெருமக்களிடையே தோன்றிவிட்டது. விஜயநகரம் அரசர் ஆனந்த கஜபதி 1883 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார். பணி நிறைவுற்றது அப்பத்தாண்டின் இறுதியில். ஆகவே, நகர மண்டபம் என்பது முதல் நோக்கம். அரசியின் பெயர் பின்னர் வந்து சேர்ந்தது.

இவ்வேறுபாடு பெயர்ச் சிக்கல் அளவில் நின்றுவிடுவதன்று. ஆட்சியாளரைப் போற்ற எழுப்பப்பட்ட சின்னம் எனக் கொண்டால், இதனைக் காப்பது காலனிய நினைவைக் காப்பதாகும் என்னும் வாதத்துக்கு இடமுண்டு. நகரத்தாரின் கூடுகைத் தேவையால் பிறந்த கட்டடம் எனக் கொண்டால், அவ்வாதம் வலுவிழக்கிறது. அரசர்களும் நிலக்கிழார்களும் வணிகர்களும் அளித்த நன்கொடை இதன் அடிப்படை. மக்கள் பூங்கா எனப்பட்ட நகராட்சி நிலத்தின் ஒரு பகுதி நீண்டகாலக் குத்தகைக்கு அளிக்கப்பட்டு, அறங்காவலர் குழு ஒன்று மண்டபத்தை நிருவகித்தது. நிலம் நகராட்சியுடையது, பணம் நன்கொடையாளருடையது, நிருவாகம் அறங்காவலருடையது என்னும் இம்மும்முனை அமைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் உருவாகிவந்த பொதுவாழ்வின் வடிவத்தைக் காட்டும் சான்று. பிற்காலத்தில் குத்தகை, உடைமை, பொறுப்பு குறித்து எழுந்த சிக்கல்களுக்கும் இதுவே வித்தாயிற்று.

இம்முயற்சியை மக்கள் முழுமைக்கும் உரியதாகக் காட்டுவதும் மிகையாகும். நன்கொடையாளர் செல்வரும் பட்டம் பெற்றோருமாவர். ‘பொது’ என்னும் சொல் அன்று யாரை உள்ளடக்கியது, யாரை வெளியே நிறுத்தியது என்பதும் மரபு மதிப்பின் பகுதியாகவே ஆராயப்பட வேண்டும்.

பாணிப் பெயரின் போதாமை

மண்டபத்தை வடிவமைத்தவர் இராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம். சென்னை மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம், திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகம் ஆகியவற்றின் வடிவமைப்பாளரும் இவரே. கட்டுமானத்தை மேற்கொண்டவர், சென்னை உயர்நீதிமன்றக் கட்டுமானத்தோடும் பெயர் இணைந்த தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார்.

மண்டபத்தின் பாணி ‘இந்தோ-சாரசெனிக்’ எனக் குறிக்கப்படுகிறது. இக்குறியீடு விளக்குவதைவிட மறைப்பதே மிகுதி. வரிசையாக அமைந்த அரைவட்ட வளைவுகள் ரோமானிய மரபை நினைவூட்டுகின்றன. சதுரக் கோபுரத்தின் உடல் இத்தாலியச் சாயலுடையது. அதன் உச்சியிலுள்ள சரிவுக் கூரையோ திருவிதாங்கூர் மரவேலை மரபைச் சார்ந்தது. திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்துக்கென உள்ளூர்க் கூரை மரபைக் கையாண்ட அனுபவம் சிசோமுக்கு ஏற்கெனவே இருந்தது. குவிமாடமும் சிறு கோபுரங்களும் மிகுந்த உயர்நீதிமன்றக் கட்டடத்தையும் இதனையும் ஒரே பெயரால் சுட்டும்போது, மழையும் வெயிலும் மிகுந்த நிலத்துக்கேற்ற கூரையைத் தேர்ந்த வடிவமைப்பாளரின் சிந்தனை கண்ணில் படாமல் போகிறது.

அழகியலைவிடக் கருதத்தக்கது கட்டடத்தின் உள்ளமைப்பு. தரைத்தளத்தில் ஒன்றும் மேல்தளத்தில் ஒன்றுமாக இரு பெருங்கூடங்கள்; ஒவ்வொன்றிலும் சில நூறு பேர் அமரலாம். நீள்பக்கங்களில் வளைவுகளோடு கூடிய தாழ்வாரங்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், மின்விசிறி பரவாத நகரில், மனிதக் குரல் எட்டும் தொலைவையும் காற்றோட்டத்தையும் கருத்தில் கொள்ளாமல் இத்தகைய கூடத்தை அமைக்க இயலாது. தாழ்வாரம் வெயிலைத் தடுக்கிறது. உள்ளே இடம் கிடைக்காதவர் நின்று கேட்க உதவுகிறது. இடைவேளையில் உரையாட வாய்ப்பளிக்கிறது. கட்டடத்தின் உறுப்பு ஒவ்வொன்றும் கூடுகையின் தேவையிலிருந்து பிறந்தது. இங்கு வடிவத்தையும் பயனையும் தனித்தனியே மதிப்பிட இயலாது.

‘முதல்’ என்னும் அடைமொழி

இம்மண்டபத்தின் பெருமையைப் பேசுவோர் அடுக்கும் செய்திகளுள் பல ‘முதல்’ என்னும் அடைமொழியைத் தாங்கியவை. சென்னையின் முதல் சலனப்படக் காட்சி இங்கு நடந்தது என்பது அவற்றுள் ஒன்று. 1896 டிசம்பரில் ஸ்டீவன்சன் என்னும் ஒளிப்படக் கடை உரிமையாளர் காட்டினார் என ஒரு சாராரும், 1897இல் எட்வர்ட்ஸ் என்பவர் காட்டினார் என மற்றொரு சாராரும் எழுதுகின்றனர். நீதிக்கட்சியின் தோற்றத்துக்கு வித்திட்ட 1916 நவம்பர் 20ஆம் நாள் கூட்டத்தை இம்மண்டபத்தோடு இணைக்கும் நூல்களும் உண்டு; வேப்பேரியிலுள்ள ஓர் இல்லத்தில் நடந்ததாகக் கூறும் நூல்களும் உண்டு.

இத்தகைய முரண்கள் ஒப்பிட்டு ஆராயப்படாமலே தகவல் பலகைகளில் ஏறிவிடுகின்றன. மண்டபத்தின் மதிப்பு ‘முதல்’ என்னும் சொல்லைச் சார்ந்து நிற்கத் தொடங்கினால், அச்சொல் பொய்க்கும் நாளில் மதிப்பும் சரியும். படக்காட்சி 1896இல் நடந்ததாயினும் 1897இல் நடந்ததாயினும், அக்காட்சிக்கென ஒருவர் வாடகைக்கு எடுக்கத்தக்க கூடம் நகரின் நடுவில் இருந்தது என்பதே நிலையான உண்மை. சலனப்படத்துக்கெனத் தனி அரங்கு தோன்றாத காலத்தில், புதுக்கலை ஒன்று நுழைவதற்கு வாயிலாகப் பொது மண்டபம் அமைந்தது. வரலாற்றாய்வாளர் வலியுறுத்த வேண்டிய மதிப்பு இதுவே.

சபையும் நாடகமும்

பயன்பாட்டு வரலாற்றின் மிகச் செழுமையான பகுதி நாடகம். பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் தெலுங்கு நாடகக் குழு சென்னையில் நடத்திய நாடகங்களால் உந்தப்பட்டு, பம்மல் சம்பந்த முதலியாரும் அவர்தம் நண்பர்களும் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினர். அச்சபை நீண்ட காலம் விக்டோரியா பொது மண்டபத்தைத் தன் களமாகக் கொண்டிருந்தது. வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கிய சம்பந்த முதலியார் எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ தமிழ் நாடக வரலாற்றுக்கு மட்டுமன்றி இம்மண்டபத்தின் வரலாற்றுக்கும் முதன்மையான சான்று நூல். எஸ். சத்தியமூர்த்தி போன்ற அரசியலாளரும் அச்சபையின் மேடையில் நடித்தனர்.

அக்காலத்தில் தொழில்முறை நாடகக் குழுக்கள் கொட்டகைகளில் இரவு முழுதும் நாடகம் நடத்தின. பாடலே அவற்றின் உயிர். கொட்டகை தற்காலிகமானது, ஊர்விட்டு ஊர் செல்வது. மண்டபமோ நிலையானது, நேர ஒழுங்கும் இருக்கை ஒழுங்கும் உடையது. உரைநடை உரையாடலும் குறிப்பிட்ட நேரத்துள் முடியும் காட்சி அமைப்பும் வேரூன்றுவதற்கு இத்தகைய நிலையான கூடம் துணைநின்றது. இவ்வகையில் தமிழ் நாடக வடிவத்தின் மாற்றத்தில் கட்டடத்துக்கும் ஒரு பங்குண்டு.

இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. பட்டம் பெற்றோர் நடித்தமையால் நாடகத்துக்குக் கௌரவம் கிடைத்தது என்னும் கூற்று, சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் வளர்த்த தொழில்முறை மரபையும் கூத்து மரபையும் கௌரவமற்றவையாகக் கருதிய பார்வையை உள்ளடக்கியது. பெண் வேடங்களை ஆடவரே ஏற்றனர். மண்டபம் ஒரு கலைக்கு வாயில் திறந்தபோதே சில கலைஞர்களுக்கு அவ்வாயிலைச் சாத்தியும் வைத்தது. மரபு மதிப்பை எடுத்துரைக்கும் எவ்வாய்வும் இவ்விரண்டையும் ஒருசேரப் பதிவுசெய்ய வேண்டும்.

மண்டபத்தின் எல்லை

1897 பிப்ரவரியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இம்மண்டபத்தின் இயல்பை நன்கு உணர்த்துகிறது. மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தருக்கு இங்கு வரவேற்பு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. திரண்ட கூட்டத்தைக் கூடம் கொள்ளவில்லை. வெளியில் நின்றோரின் வேண்டுகோளுக்கிணங்க அவர் ஒரு வண்டியின்மீது நின்று பேசத் தொடங்கினார். ஆரவாரத்தின் மிகுதியால் உரையைச் சுருக்கி முடிக்க நேர்ந்தது. இரு நாள்களுக்குப் பின்னர் அதே மண்டபத்தினுள் தமது பணித்திட்டம் குறித்து விரிவான சொற்பொழிவாற்றினார்.

இவ்விரு நிகழ்வுகளும் இருவேறு பொதுவெளிகளின் அடையாளங்கள். ஒன்று, இருக்கையும் தலைமையுரையும் தீர்மானமும் கொண்ட மண்டபப் பொதுவெளி. மற்றொன்று, எண்ணிக்கையால் தன் இருப்பை உணர்த்தும் திடல் பொதுவெளி. 1907இல் விபின் சந்திர பாலரின் சொற்பொழிவுகள் சென்னைக் கடற்கரையில் நடைபெற்றபோது, வெகுமக்கள் அரசியலின் இடம் மணற்பரப்பு என்பது உறுதியாகத் தொடங்கியது. ஆகவே விக்டோரியா மண்டபத்தின் தளர்ச்சிக்குப் பராமரிப்பின்மை மட்டும் காரணமன்று. அரசியல் திடலுக்குச் சென்றது. படம் திரையரங்குக்குச் சென்றது. நாடகமும் இசையும் தத்தமக்குரிய சபை அரங்குகளைத் தேடிக்கொண்டன. அனைத்துக்கும் இடமளித்த பொது மண்டபம், ஒவ்வொன்றும் தனியிடம் கண்டபோது வெறுமையுற்றது.

மன்றமும் மண்டபமும்

தமிழ்ச் சூழலில் இம்மண்டபத்தைப் பேசும்போது சங்க இலக்கியத்தின் மன்றத்தையும் பொதியிலையும், திருக்குறளின் அவையறிதல், அவையஞ்சாமை அதிகாரங்களையும், உத்தரமேரூர்க் கல்வெட்டுகளையும் முன்னோடிகளாகச் சுட்டுவது எளிது. இவ்வொப்பீடு எச்சரிக்கையோடு செய்யப்பட வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர் அவையின் உறுப்பினர் தகுதி நிலவுடைமை, அகவை, வேதக் கல்வி ஆகியவற்றால் வரையறுக்கப்பட்டது. விக்டோரியா மண்டபத்தின் நுழைவோ கட்டணத்தாலும் கல்வியாலும் சமூகநிலையாலும் வரையறுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே நேரடி வரலாற்றுத் தொடர்ச்சி இல்லை.

இருப்பினும், ஒப்பீடு முற்றிலும் பயனற்றதன்று. ‘யார் கூடலாம்?’ என்னும் வினா இரண்டிலும் பொது. அவையை இடத்தால் வரையறுக்காமல் அதில் கூடுவோரின் தன்மையால் வரையறுக்கும் பார்வை திருக்குறளின் மேற்கண்ட அதிகாரங்களில் உண்டு. அப்பார்வையைக் கொண்டு நோக்கின், ஆளில்லாத மண்டபம் எவ்வளவு அழகாகச் சீரமைக்கப்பட்டாலும் அவையாகாது.

பாதுகாப்பு நடைமுறைக்கான கருத்துகள்

மேற்கூறிய வாதத்திலிருந்து நடைமுறை சார்ந்த நான்கு கருத்துகளைப் பெறலாம்.

முதலாவது, பருப்பொருள் சார்ந்தது. சுண்ணாம்புக் கலவையால் கட்டப்பட்ட செங்கற்சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல்லைச் சிதைக்கும். எனவே பழைய கலவை முறைகளை அறிந்த கைவினைஞர் கட்டடம் திறக்கப்பட்ட பின்னரும் தொடர்ந்து பணியமர்த்தப்பட வேண்டும். சீரமைப்பு ஒரு முறை நிகழ்வது. பராமரிப்பு ஆண்டுதோறும் நிகழ்வது.

இரண்டாவது, பயன்பாடு சார்ந்தது. பழங்கட்டடத்தை அருங்காட்சியகமாக்குவது பாதுகாப்பான தீர்வாகத் தோன்றும். கோயம்புத்தூரில் 1892இல் எழுந்த விக்டோரியா நகர மண்டபம் மாநகராட்சி மன்றக் கூட்டங்களுக்குப் பயன்பட்டு வந்துள்ளது. சிங்கப்பூரில் 1862இல் நகர மண்டபமாகத் தொடங்கிய கட்டடம், விக்டோரியா அரங்காக மாறி, சீரமைப்புக்குப் பின் 2014இல் மீண்டும் நிகழ்த்துகலைகளுக்குத் திறக்கப்பட்டது. பழைய வடிவத்தைக் காப்பதும் தொடர்ந்து கூடுவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இவை சான்று. சென்னை மண்டபத்தில் காட்சிக்கூடம் அமைப்பினும், ஒரு கூடமேனும் கூட்டத்துக்கும் நாடகத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, நுழைவு சார்ந்தது. தொடர்வண்டி, புறநகர் வண்டி, மெட்ரோ ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தருகே இம்மண்டபம் உள்ளது. வடசென்னை மாணவரும் புறநகர் நாடகக் குழுவினரும் எளிதில் வந்தடையக்கூடிய பொது அரங்கு இதுபோல் மற்றொன்று அமைவது அரிது. வாடகை மிகுந்தால், 1890களில் சமூகநிலை செய்த வேலையை இன்று கட்டணம் செய்யும். சிறு குழுக்களுக்குக் குறைந்த வாடகையும், முன்பதிவில் வெளிப்படையான முறையும் பாதுகாப்புத் திட்டத்தின் உறுப்புகளாகவே கருதப்பட வேண்டும்.

நான்காவது, ஆவணம் சார்ந்தது. எந்த நாளில் எந்த அமைப்பு இங்குக் கூடியது, யார் பேசினர், எந்நாடகம் நடந்தது என்பனவற்றை அக்கால நாளிதழ்கள், சபை அறிக்கைகள், தன்வரலாறுகள் ஆகியவற்றிலிருந்து திரட்டிப் பயன்பாட்டு வரலாற்றேடு ஒன்று தொகுக்கப்பட வேண்டும். முரண்படும் சான்றுகள் முரண்பாட்டோடே அதில் பதிவாக வேண்டும். தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணி இது.

முடிவுரை

விக்டோரியா பொது மண்டபத்தின் மதிப்பை அரசியின் பெயரிலோ, பாணியின் பெயரிலோ, ‘முதல்’ என்னும் அடைமொழியிலோ தேடுவது அதன் இயல்புக்குப் பொருந்துவதாக இல்லை. நகரத்தார் தமக்குள் கூடிப் பேசவும் நடிக்கவும் கேட்கவும் ஓர் இடம் வேண்டுமென விரும்பியமையால் அது எழுந்தது. அக்கூடுகைக்கு ஏற்பவே வடிவம் பெற்றது. கூடுகை பிற இடங்களுக்குப் பெயர்ந்தபோது தளர்ந்தது. அதன் வரலாறு விலக்கல்களையும் உள்ளடக்கியது. அவற்றை மறைக்காமல் எடுத்துரைப்பதே நேர்மையான மரபுப் போற்றல். சீரமைப்பின் வெற்றியைச் செங்கல்லின் நிறத்தைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. முன்பு அங்கு நுழைய முடியாதவர்களும் நுழைந்து, மேடையேறி, தம் சொல்லை நகரம் கேட்கச் செய்யும் நிலை வரும்போதே ‘பொது’ என்னும் அடைமொழி அம்மண்டபத்துக்கு முழுமையாகப் பொருந்தும்.